பாசி சாகவில்லை, பசித்திருந்தது

ஊரில் என் வேலைக்கு வைத்திருந்த பெயர் குப்பி கழுவுகிற வேலை. கடியப்பட்டணத்தில் யாராவது அப்பாவிடம், “ஒமக்க மக காலேஜில என்ன வேல பாக்கா?” என்று கேட்டால், “குப்பி கழுவுகா” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். அதில் இளக்காரம் எதுவும் கிடையாது. ஏதோ சான்றிதழ் விஷயமாக அவர் கல்லூரிக்கு வந்த ஒருநாள் நான் குழாயடியில் நின்று சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். மேலே படிக்க இடம் கிடைத்த வருடத்தில்தான் கல்யாணமும் வந்தது. கணவர் வளைகுடாவில் படகில் வேலை பார்க்கிறார். வீட்டில் அப்பாவும் நானும்தான். கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தபோது எனக்கு அது பெரிய விஷயமாகவே இருந்தது. பத்து வருடம் போனபிறகு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே வெங்காயத் தோலை உரித்து, அதே கண்ணாடித் தகட்டில் வைத்து, புதிய பிள்ளைகளுக்கு அதே செல்லைக் காட்டுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் துறைக்கு ஒரு பேராசிரியை மாற்றலாகி வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நெல்வயல் சூழ்ந்த ஊர், சைவக் குடும்பம். என் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூக்கைச் சுளிக்காமல் இருக்க அவர் படும் பாடு எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு சின்ன ஆராய்ச்சித் திட்டம் அனுமதி ஆகியிருந்தது. பாறைக் குட்டைகளில் வாழும் நுண்பாசிகளைப் பற்றியது. வந்த மூன்றாவது வாரம் என்னிடம் கேட்டார்.

“எம்மா, முட்டத்துப் பாறைக்கு உனக்கு வழி தெரியுமா?”

“வழியா? எங்க வீட்டுல நின்னு கல்லெறிஞ்சா அங்கதான் மேடம் விழும்.”

“வழுக்குமா?”

“வழுக்கும். நான் கையப் பிடிச்சுக்கிடுகேன்.”

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனோம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளின் நடுவே ஏராளமான குழிகள் உண்டு. கடல் ஏற்றத்தின்போது அலை தெறித்து நிரப்பிவிட்டுப் போகும். அடுத்த ஏற்றம்வரை அந்த நீர் வெயிலில் கிடக்கும். சில குழிகள் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். சில குழிகளில் யாரோ பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். சின்ன வயதில் அந்தப் பச்சைக் குழிகளில் கால் வைக்க மாட்டோம், சொறி வரும் என்று சொல்வார்கள். பேராசிரியை அதன் பக்கத்தில்தான் குந்தி உட்கார்ந்தார். புடவை முழுக்க உப்பு.

காலையில் அவர் ஒரு கருவியை நீரில் விட்டு காரத்தன்மையை அளந்தார். எட்டுக்குப் பக்கத்தில் காட்டியது, சாதாரணக் கடல்நீர் போலத்தான். நான் கொண்டுபோன, பால் விடாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு மத்தியானம்வரை அங்கேயே இருந்தோம். உச்சிவெயிலில் மறுபடி அளந்தபோது எண் பத்தைத் தொட்டிருந்தது. குட்டையின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் குமிழ்கள் மேலே வந்துகொண்டே இருந்தன.

“பாத்தியா?” என்றார். “காலையில இருந்து இந்தப் பாசி வெயில வச்சு சமையல் பண்ணிட்டே இருக்கு. தண்ணியில கரைஞ்சிருந்த கார்பன் டை ஆக்சைடை எல்லாம் எடுத்துட்டு. அதனாலதான் காரம் ஏறுது. இப்ப இந்தக் குட்டையில அது அநேகமா இல்லைன்னே சொல்லலாம். ஆனா குமிழ் நிக்கல்ல. ஆக்சிஜன் விட்டுட்டேதான் இருக்கு.”

“அப்பம் இது இப்ப என்னத்தத் தின்னுது?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதுதாம்மா கேள்வி. அதுக்குத்தான் இந்தப் புரோஜெக்ட்.”

பத்து வருடத்தில் என்னிடம் யாரும் ‘அதுதான் கேள்வி’ என்று சொன்னதில்லை. வெயிலில் தலை கொதித்தது. ஆனால் பாறையைவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கடல்நீரில் கார்பன் பெரும்பாலும் வாயுவாக இருப்பதில்லை, பைகார்பனேட் என்ற வடிவத்தில் கரைந்து கிடக்கிறது. அது எவ்வளவு இருந்தாலும் பாசிக்கு நேரடியாகப் பயன்படாது. சர்க்கரை செய்யும் நொதி வாயு வடிவத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும். போதாததற்கு அந்த நொதி மகா மந்தம். நொடிக்குச் சில தடவைதான் வேலை செய்யும், அதிலும் சில சமயம் கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதற்குப் பக்கத்தில் எப்போதும் வாயு நிறைந்திருந்தால்தான் காரியம் நடக்கும். அந்த வாயுவைத் தயார் செய்து கொடுப்பது இன்னொரு நொதி. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று பெயர். பைகார்பனேட்டை வாயுவாக மாற்றும் வேலையை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை செய்து முடித்துவிடும். நம் ரத்தத்திலும் அதே வகை நொதி இருக்கிறது. உடம்பில் உண்டாகும் வாயுவை நுரையீரல்வரை கொண்டுபோய் வெளியே விடுவதற்கு அதுதான் உதவுகிறது.

முட்டத்துப் பச்சைக் குட்டையின் பாசி இந்த நொதியைத் தன் உடம்புக்கு வெளியே, தோலை ஒட்டி வைத்திருக்கிறதா என்பதுதான் பேராசிரியையின் சந்தேகம். இருந்தால் உச்சிவெயிலில் அது பட்டினி கிடக்காததற்குக் காரணம் கிடைத்துவிடும்.

“ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு,” என்றார். “இந்தத் தண்ணியில பாக்டீரியா கோடிக்கணக்கில கிடக்கும். அதுகளுக்கும் இதே நொதி உண்டு. பாசியைத் தனியா பிரிச்சு வளக்கணும். ஒரு கிருமிகூட ஒட்டியிருக்கக் கூடாது. எனக்குக் கை நடுங்கும். நீ செய்வியா?”

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது.

முறை கேட்பதற்கு எளிது. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, இளகும்போது இழுத்தால் முடியைவிட மெல்லிய முனை கிடைக்கும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே அந்த முனையால் ஒரே ஒரு பாசியை உறிஞ்சி எடுக்கவேண்டும். அதைச் சுத்தமான கடல்நீர்த் துளியில் விட்டு, அங்கிருந்து மறுபடி பிடித்து இன்னொரு துளியில் விடவேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து துளிகளில் குளிப்பாட்டினால் ஒட்டியிருக்கும் கிருமிகள் கழன்றுபோகும். கடைசியில் அந்த ஒற்றை உயிரைச் சத்துநீர் ஊற்றிய குழாயில் விட்டு வெளிச்சத்தில் வைக்கவேண்டும்.

சிக்கல் என்னவென்றால் இந்தப் பாசி ஓரிடத்தில் நிற்காது. சின்னப் பச்சைப்பயறு போன்ற உடம்பு, முன்பக்கம் சாட்டை போல நான்கு இழைகள். அவற்றை வீசிக்கொண்டு நீந்தும். முனையைக் கொண்டுபோனதும் நழுவிவிடும். முதல் மாதத்தில் நான் பிடித்தது ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாம் மாதத்தில் முளைத்தவற்றை எல்லாம் சோதித்துப் பார்த்தபோது கிருமி இருந்தால் வளர்ந்து காட்டும் சோதனைத் தட்டில் வெள்ளையாகப் படர்ந்தது. பிள்ளைகளின் செய்முறை வகுப்புகள் முடிந்து அறை காலியானபிறகு தினமும் ஒரு மணிநேரம் உட்காருவேன். மூச்சை இழுத்துவிட்டால் கை ஆடும் என்பதால் பிடிக்கும் நேரத்தில் மூச்சை அடக்கப் பழகினேன். பேருந்தில் வரும்போதுகூட கண்ணை மூடினால் பச்சைப் புள்ளிகள் ஓடும்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில், எண் போட்டு வைத்திருந்த ஒரு குழாயின் அடிப்பக்கம் லேசாகப் பச்சை தட்டியது. சோதனைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். மறுநாள் சுத்தம். மூன்றாம் நாளும் சுத்தம். ஒரு வாரம் கழித்தும் தட்டு கழுவிவைத்த பீங்கான் போல இருந்தது.

பேராசிரியை தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணும் இல்ல,” என்றார். பிறகு சத்தமாக, “ஒண்ணுமே இல்லம்மா!” என்றார். ஒன்றுமில்லாத ஒரு தட்டைப் பார்த்து இரண்டு பெண்கள் அவ்வளவு சிரித்ததை அந்தப் பக்கம் போன எழுத்தர் விநோதமாகப் பார்த்தார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. எங்கள் கடலிலிருந்து ஒரே ஒரு உயிரை என் கையால் எடுத்து, அதன் பிள்ளைகளால் ஒரு குப்பியையே பச்சையாக்கியிருக்கிறேன். அன்று இரவு கணவர் வீடியோவில் அழைத்தபோது குப்பியின் படத்தைக் காட்டினேன். “பச்சத் தண்ணி,” என்றார். “பச்சத் தண்ணி இல்ல, அது எனக்க ஆளுவ,” என்றேன்.

அடுத்தது நொதி இருக்கிறதா என்று பார்ப்பது. அதை அடைத்துவிடும் ஒரு மருந்து உண்டு. அந்த மருந்து செல்லுக்குள் சட்டென்று நுழையாது, வெளியே இருக்கும் நொதியைத்தான் முதலில் அடைக்கும். மருந்து போட்டவுடன் பாசி ஆக்சிஜன் விடுவதை நிறுத்தினால், வெளியே அந்த நொதி இருந்தது என்று பொருள். வாங்கவேண்டிய பட்டியலில் பேராசிரியை அதன் பெயரை எழுதினார்: அசெட்டசோலமைடு. வெளியூரிலிருந்து வரவேண்டும், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்.

அந்தப் பெயரை நான் எங்கோ பார்த்திருந்தேன். பேருந்தில் வரும்போது நினைவு வந்துவிட்டது. வீட்டில் மாதா படத்துக்குக் கீழே உள்ள தகரப் பெட்டியில்.

அப்பாவுக்குக் கண்ணில் நீரழுத்தம். வலது கண் தெரியாமல் போனபிறகுதான் அது வியாதி என்றே எங்களுக்குத் தெரிந்தது. இடது கண்ணையாவது காப்பாற்ற அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதுவரை அழுத்தம் ஏறாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அறுவை முடிந்ததும் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், ஒரு அட்டை மிச்சம் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அதே பெயர்தான். கூடவே இருந்த காகிதத்தை விரித்தால் கார்பானிக் அன்ஹைட்ரேஸைத் தடுப்பது என்று அச்சிட்டிருந்தது. கண்ணுக்குள் நீர் ஊறுவதற்கும் அதே வகை நொதிதான் காரணமாம்.

அப்பா முற்றத்தில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, இந்த மாத்திர இனி ஒமக்கு வேணுமா?”

“அந்தச் சனியனா? கொண்டு கடல்ல போடு. அத முழுங்கின நாளுல கைவெரலு எல்லாம் மரமரன்னு இருக்கும். சோடா குடிச்சா சப்புன்னு இருக்கும். கடக்காரன்ட்ட போயி ‘ஏலே, கேஸு அடைக்காம விக்கியா?’ன்னு சண்ட போட்டேன், ஓர்ம இருக்கா?”

நினைவிருந்தது. மறுநாள் பேராசிரியையிடம் அட்டையை நீட்டி சோடா கதையையும் சொன்னேன். அவர் மேசையைத் தட்டினார். “நம்ம நாக்குலயும் இதே நொதி இருக்கும்மா! சோடாவுல இருக்க வாயுவை அதுதான் நாக்குக்குக் காட்டிக் கொடுக்குது. மாத்திரை அதை அடைச்சிருச்சு. சோடா நல்ல சோடாதான், பாவம் அந்தக் கடைக்காரர்.”

அன்று மாலை இதைச் சொன்னதும் அப்பா வானொலியை அணைத்தார். பிறகு, “அப்பம் அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லணும் மக்களே,” என்றார். உண்மையிலேயே போய்ச் சொன்னார்.

மாத்திரையைப் பொடித்துக் கரைத்து வடிகட்டி முதல் சோதனையைச் செய்தோம். மாத்திரையில் மாவுப்பொருள் எல்லாம் கலந்திருக்கும், இதை வைத்து எதையும் எழுத முடியாது, சுத்தமான மருந்து வந்தபிறகு மறுபடி செய்யவேண்டும் என்று பேராசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். இருந்தாலும் ஆசை விடவில்லை. பாசிக் குப்பியில் ஆக்சிஜன் அளக்கும் கோலை விட்டு விளக்கைப் போட்டோம். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனது. மருந்துநீரை விட்டேன். ஏற்றம் தளர்ந்து, கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய நின்றேவிட்டது. பேராசிரியை என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“மருந்தக் குடுத்தியா, அது செத்துப் போச்சா?”

“சாவல்லப்பா. அதுக்குத் தீனி கிட்டாம வேல நின்னு போச்சு.”

“சாவல்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டும் பாத்தா ஒண்ணுபோலதான இருக்கும்?”

அவர் கேட்டது சரிதான். இறந்த பாசியும் ஆக்சிஜன் விடாது, பசித்த பாசியும் விடாது. எண்ணைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மறுநாள் பேராசிரியை வேறொரு கல்லூரிக்குத் தேர்வுப் பணியாகப் போய்விட்டார். நான் வேலைகளை முடித்துவிட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். மருந்து விட்ட பாசியை நுண்ணோக்கியில் பார்த்தேன், நீந்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது மட்டும் போதாது. பசி என்றால் தீனி கொடுத்தால் எழுந்திருக்கவேண்டும். வாயுவாகவே கொடுத்துவிட்டால் அந்த நொதிக்கு வேலையே இல்லை, மருந்து அடைத்திருந்தாலும் பாதகமில்லை.

வாயுவுக்கு எங்கே போவது? நம் மூச்சில் இருக்கிறதே என்று தோன்றியது. கேன்டீனிலிருந்து ஒரு உறிஞ்சுகுழலைக் கொண்டுவந்து சுத்தமான கடல்நீரில் தலை சுற்றும்வரை ஊதினேன். அந்த நீரை மருந்து விட்ட பாசியுடன் சேர்த்து, விளக்கைப் போட்டு, கோலை விட்டேன்.

கொஞ்ச நேரம் எண் அசையவில்லை. பிறகு கடைசி இலக்கம் மாறியது. மறுபடி மாறியது. ஏறத் தொடங்கிவிட்டது. மருந்து இருக்கும்போதே, என் மூச்சை வாங்கிக்கொண்டு பாசி வேலை செய்தது. விளக்கை அணைத்தேன், நின்றது. போட்டேன், ஏறியது. நான்கு தடவை அணைத்துப் போட்டேன்.

வாயால் ஊதியதில் கிருமி சேர்ந்திருக்கும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் உடற்கல்வித் துறையில் ஒரு கால்பந்து பிளாடரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் காலை கருங்கல் ஊரில் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் சோடா கம்பெனிக்குப் போனேன். முதலாளி சிலிண்டர் பக்கத்தில் நின்றார்.

“இதுல கொஞ்சம் கேஸு பிடிச்சுத் தருவியளா அண்ணே?”

“பந்துக்குக் காத்தடிக்க சைக்கிள் கடையில்லா போணும்?”

“பந்துக்கு இல்ல. பாசிக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் பிடித்துக் கொடுத்தார். அந்த வாயுவை வடிகட்டி வழியாகக் கடல்நீரில் விட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அதே முடிவு. வாயு கொடுக்காத இன்னொரு குப்பியையும் பக்கத்தில் வைத்திருந்தேன், அது அப்படியே கிடந்தது. இரண்டையும் ஆய்வக நோட்டில் எழுதிவைத்தேன். பேராசிரியை திரும்பி வந்ததும் சொல்லியிருக்கவேண்டும். உறிஞ்சுகுழல், கால்பந்து பிளாடர், சோடா கம்பெனி என்று சொன்னால் சிரிப்பாரோ என்று கூச்சம். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று போய்விட்டது.

திட்டத்தைப் பார்வையிட ஒரு நிபுணர் வந்தார். பெரிய பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையிலேயே ஆயுளைக் கழித்தவர். அதிகம் பேசமாட்டார், பேனாவைத் திருகிக்கொண்டே கேட்பார். கருத்தரங்க அறையில் பேராசிரியை படங்களைப் போட்டு விளக்கினார். நான் பின்வரிசையில் விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மருந்து விட்டதும் ஏற்றம் நின்ற படம் வந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

“இது விஷமாக இருந்தாலும் இப்படித்தானே நிற்கும்? உங்கள் பாசி செத்துப்போகவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?”

பேராசிரியை படத்தைத் திரும்பிப் பார்த்தார். “அதற்கான சோதனையைச் சுத்தமான மருந்து வந்தபிறகு செய்வதாக இருக்கிறோம் சார்.”

“அப்படியானால் இப்போது உங்களிடம் பதில் இல்லை.”

பேராசிரியையின் முகம் சிவந்துவிட்டது. என் வாய் தானாகவே திறந்தது.

“சார், அது சாவல்ல. பசிச்சுக் கெடந்துது.”

எல்லாரும் திரும்பினார்கள். கல்லூரி முதல்வர் புருவத்தை உயர்த்தினார். ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து நிபுணரின் முன் விரித்தேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பினார்.

“கால்பந்து பிளாடரா?”

“ஆமா சார். வேற ஒண்ணும் கிட்டல்ல.”

“இன்னும் வாயு இருக்கிறதா?”

“காலையிலதான் புதுசாப் பிடிச்சு வச்சேன் சார்.” அன்றைக்குச் சொல்லிவிடலாம், செய்தே காட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். தைரியம்தான் வரவில்லை.

எல்லாரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். மருந்து விட்ட இரண்டு குப்பிகளை வைத்தேன். ஒன்றில் வாயு ஏற்றிய கடல்நீர், மற்றதில் சாதாரணக் கடல்நீர். விளக்கு. நிபுணர் நாற்காலியை இழுத்துப்போட்டு எண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். முதல் குப்பியில் எண் ஏறத் தொடங்கியபோது அவர் பேனாவைத் திருகுவதை நிறுத்தினார். “விளக்கை அணையுங்கள்,” என்றார். அணைத்தேன். “போடுங்கள்.” போட்டேன். ஏறியது.

“இதைச் செய்யச் சொன்னது யார்?”

“யாரும் சொல்லல்ல சார். எங்கப்பா கேட்டாரு, செத்துப் போச்சான்னு.”

“அவர் என்ன செய்கிறார்?”

“கடலுக்குப் போனவரு. இப்ப கண்ணு சரியில்லாம வீட்டுல இருக்காரு.”

அவர் தலையாட்டினார். “நான் இவ்வளவு தூரம் வந்து கேட்ட கேள்வியை அவர் வீட்டிலேயே கேட்டுவிட்டார்.” பிறகு பேராசிரியையிடம் திரும்பி, “உங்கள் குழு நல்ல குழு,” என்றார். குழு என்றால் நாங்கள் இரண்டு பேர்.

அவர்கள் போனபிறகு பேராசிரியை என் முகத்தைப் பார்க்காமல் குப்பிகளை ஒதுக்கிவைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் சொன்னார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அங்க நின்னு முழிச்சது நான்தான?”

“நீங்க சிரிப்பியளோன்னு நெனச்சேன் மேடம்.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறேன். சொல்லு. இனி ஊதினாலும் சொல்லு, உறிஞ்சினாலும் சொல்லு.” அதற்குள் அவரே சிரித்துவிட்டார். ஆனால் அவர் மனதில் வலித்தது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை.

சுத்தமான மருந்து வந்தது. ஒழுங்கான சிலிண்டரும் வந்தது. எல்லாவற்றையும் பலமுறை திருப்பிச் செய்தோம், முடிவு மாறவில்லை. கட்டுரை எழுதும்போது துறையில் மூத்த ஒருவர், “உதவியாளர் பேரை நன்றியில போட்டா போதுமே, அதுதான வழக்கம்?” என்றார்.

பேராசிரியை கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “பாசியப் பிடிச்சது யாரு? சாவல்லன்னு காட்டினது யாரு? நன்றியில யாரையாவது போடணும்னா என் பேரைத்தான் போடணும்.”

கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாக என் பெயர் இருந்தது. அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “இதுக்குப் பொறவு இருக்கது யாரு?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்றேன். “முன்னால?” மேடம் என்றேன். “செரி, அவங்க முன்னாலதான் இருக்கணும்,” என்றார்.

பிறகு அவருக்குப் பாசியைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு சனிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு பேருந்தில் வந்தார். நுண்ணோக்கியில் முதலில் பழக்கதோஷத்தில் வலது கண்ணை வைத்தார். “இருட்டா கெடக்கு,” என்றார். தலையைப் பிடித்து இடது கண்ணுக்கு மாற்றினேன். இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“ஏட்டி, இது நீந்துதே!”

“நீந்தும்ப்பா.”

“சாள மீனு கூட்டமா திரும்புகது போலத் திரும்புது. எல்லாத்தையும் நீயா வளத்த?”

“ஆமாப்பா. ஒண்ணுல இருந்து வந்தது.”

“இதத்தானே சாள திங்கும்?”

இந்தப் பாசியையும் இதைப் போன்ற எத்தனையோ வகைகளையும் சின்ன உயிர்கள் தின்னும், அவற்றைச் சாளை தின்னும், சில சமயம் நேராகவே தின்னும் என்று சொன்னேன். உலகத்தில் பச்சை என்று இருப்பவை எல்லாம் சேர்ந்து செய்யும் சமையலில் ஏறக்குறையப் பாதி கடலில்தான் நடக்கிறது, செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இவைதான் என்றும் சொன்னேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “நாப்பது வருசம் இதுக்க மேலதான் தொழில் செய்திருக்கேன்,” என்றார். “கண்டதில்ல.” பேராசிரியை சாயா கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போகும்வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

கட்டுரை வந்து சில மாதங்களுக்குப் பிறகு வடக்கே ஒரு ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் பாசியை வைத்து மேற்கொண்டு ஆராய விரும்புகிறார்கள், கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முறைப்படியான கடிதங்கள் எல்லாம் முடிந்தபிறகு இரண்டு குழாய்களில் நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகுத்தாள் ஒட்டி, பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தேன். அனுப்புநர் என்ற இடத்தில் துறையின் பெயரை எழுதப் போனேன். “உன் பேரை எழுது,” என்றார் பேராசிரியை. “வளர்க்கிறவ பேரு இருக்கட்டும். சந்தேகம்னா உன்னைத்தான கேப்பாங்க?”

கருங்கல் தபால் அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை எடைபோட்டுக்கொண்டே கேட்டார்.

“உள்ள என்ன இருக்கு?”

“பாசி.”

“பாசிமாலையா? ஒடையுற சாதனமா?”

“மாலை இல்லக்கா. கடல்பாசி. உசிரோட இருக்கு.”

அவர் கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். “உசிரோடயா? கடிக்குமா?”

“கடிக்காது. வெளிச்சம் இருந்தா போதும், நாலஞ்சு நாளு இருட்டுலயும் தாங்கும்.” கடிதத்தைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுப் பெட்டியை மறுபடி, இந்தத் தடவை மெதுவாக, இரண்டு கையாலும் தூக்கிவைத்தார்.

“எத்தன எண்ணம் இருக்கும்?”

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். “ஒரு கோடிக்கு மேல இருக்கும்க்கா.”

“எம்மாடி!” என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம், பிள்ளைகளுக்கு வெங்காயத் தோல் உரித்து வைத்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. அங்கே பெட்டியைப் பிரித்தவர் ஒரு சின்னக் காணொளியை அனுப்பியிருந்தார். பச்சைப் புள்ளிகள் வெளிச்சத்தை நோக்கிக் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. வகுப்பு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. படியிறங்கிப் போய்ப் பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டினேன்.